ஐந்து வரி தாண்டி

பன்னிரண்டு. சண்முகவடிவு ஆள்காட்டி விரலைத் திரையில் படாமல் நகர்த்தி, இடமிருந்து வலமாக மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டுதான். கறுப்புத் திரையில் பச்சை எண்கள், வரிசைக்கு நான்கு, மூன்று வரிசை, இதில் தப்புவதற்கு என்ன இருக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் ஜீப்பில் ஏறும்போது மீன்வளத்துறை ஆய்வாளர் கனகசபை, அச்சடித்த பட்டியலைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டு, “பதினோரு படகுய்யா, வெரசா எடு” என்று டிரைவரிடம் சொன்னார். சொன்னாரா? காற்று அப்போதும் அடங்கவில்லை, தகரக் கூரை அடித்துக்கொண்டே இருந்தது, பன்னிரண்டு என்று அவர் சொன்னதுதான் அவள் காதில் பதினொன்றாக விழுந்திருக்கும். பதினொன்றும் பன்னிரண்டும் காதுக்கு ஒரே மாதிரியான சொற்களா என்ன? இல்லை. சரி, அவர்தான் அவசரத்தில் ஒன்றைக் குறைத்துச் சொல்லியிருப்பார். நேற்று விடியற்காலை மேலைத்துறையிலிருந்து அறுபத்து மூன்று படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ராத்திரி காற்று யாரும் எதிர்பாராமல் திரும்பி அடித்தது. விடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாக, பாய்மரம் முறிந்தும் வலை அறுந்தும் ஐம்பத்தொன்று வந்து சேர்ந்துவிட்டன. அறுபத்து மூன்றில் ஐம்பத்தொன்று போனால் பன்னிரண்டு. ஐம்பத்தொன்றா, ஐம்பத்திரண்டா? வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. பட்டியல் அச்சாகி வந்ததும் அலுவலக உதவியாளர் பிச்சையா அதைப் பார்த்து, இன்னும் கடலில் இருக்கிற படகுகளின் எண்களை அந்தப் பலகையில் சாக்கட்டியால் எழுதிவைத்தார். எழுந்து பத்து எட்டு வைத்தால் போதும், பலகையையும் திரையையும் ஒத்துப் பார்த்துவிடலாம். ஆனால் பலகைக்கு முன்னால் ஐம்பது அறுபது பொம்பளைகள் நிற்கிறார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய் நின்று எண்ணினால், ஏன் எண்ணுகிறாள் என்று கேட்பார்கள். கொஞ்சம் கழித்துப் போகலாம். மணி பதினொன்று அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

அவள் தென்காசிப் பக்கத்துக்காரி, மலையைப் பார்த்து வளர்ந்தவள். இங்கே வந்து இரண்டு வருஷமாகியும் ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. கடல் அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே கிடக்கிற ஒரு சத்தம், விசைப்பலகையின் பொத்தான்களுக்கு அடியில் போய்ப் பிசுபிசுக்கிற உப்பு, அவ்வளவுதான். படகுகளை எண்களாகத்தான் தெரியும். கடலுக்குப் போக டோக்கன் வாங்க ஜன்னலுக்குள் நீளும் கைகளைத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் ஆறு மாதம் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தாள். அந்தச் சான்றிதழோடு இந்த ஆபீசில் தற்காலிகமாக உட்கார வைக்கப்பட்டபோது, மேலிடத்தில் யாரோ வேண்டாமென்று அனுப்பிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று பிளாஸ்டிக் உறை போட்டு மூலையில் இருந்தது. யாரும் சொல்லாமல் அவளே யோசித்து எழுதிய புரோகிராம் இது. படகு டோக்கன் வாங்கிப் புறப்பட்டால் அந்தப் படகின் எண்ணைப் பெயராக வைத்து ஃபிளாப்பி என்கிற தட்டில் ஒரு ஃபைல் உண்டாகும், உள்ளே ஓட்டுகிறவர் பெயர், எத்தனை பேர், புறப்பட்ட நேரம். திரும்பி வந்தால் அந்த ஃபைலை அழித்துவிட வேண்டும். அப்புறம் ஃபைல்ஸ் என்று ஒரு சொல்லை அடித்தால் மிச்சம் இருக்கிற பெயர்கள் எல்லாம் திரையில் வரும். மிச்சம் இருப்பவர்கள்தான் கடலில் இருப்பவர்கள். “கடல்ல இருந்தா தட்டுல இருக்கும், கரைக்கு வந்தா தட்டுல இருக்காது” என்று கனகசபை சார், பார்க்க வருகிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அதுவரைக்கும் ஒரு நீளமான பதிவேடு இருந்தது. பிச்சையா எச்சில் தொட்டுப் புரட்டி, வந்த படகுக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போடுவார். “ஒரே வேலையை ரெண்டு தடவை எதுக்கு சார் செய்யணும்?” என்று அந்தப் பதிவேட்டை நிறுத்தச் சொன்னது யார்? அவள்தான். நல்ல யோசனை என்றார் சார். பதிவேடு இப்போது பீரோவுக்கு மேலே கிடக்கிறது, போன மார்ச்சோடு நின்றுபோய். அது இருந்திருந்தால் இப்போது எட்டி எடுத்து ஒரு நிமிடத்தில், ஐம்பத்தொன்றா ஐம்பத்திரண்டா என்று... சீ, என்ன நினைப்பு இது, கம்ப்யூட்டரை நம்பாமல் பிச்சையாவின் சிவப்புக் கோட்டையா நம்பப் போகிறாள்?

ஐஸ் பிளான்ட்டின் எஞ்சின் பக்கத்தில் தடதடத்தது. ஜன்னலுக்கு வெளியே பிச்சையாவிடம் ஒரு பொம்பளை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணைச் சொன்னாள், எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

“எங்க வீட்டுக்காரரு படகு வந்துட்டாய்யா?”

“போர்டைப் பாரு தாயி. போர்டுல நம்பர் இருந்தா கடல்ல கெடக்குன்னு அர்த்தம். இல்லைன்னா கரைக்கு வந்தாச்சு.”

“நம்பர் போர்டுல இல்லய்யா. அதான் கேக்கேன். இந்தப் படகு கட்டுற பாலத்துல படகையுங் காணும், ஆளையுங் காணும்.”

“பெறவென்ன? அந்தப் பக்கம், வடக்குப் பாலத்துல கட்டிப்போட்டு டீ குடிக்கப் போயிருப்பாவ. போய்ப் பாரு.”

“நல்லாத் தெரியுமாய்யா?”

“கம்ப்யூட்டர் சொல்லுதும்மா. அது தப்பாச் சொல்லாது.”

அந்தக் கடைசிப் பேச்சு காதில் விழுந்தபோது வடிவுக்கு உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் அது போய்விட்டது. எந்த நம்பர் என்று எட்டிக் கேட்டால் என்ன? எழுந்தாள். எழுந்த நேரத்தில் டெலிபோன் அடித்தது, எழுந்ததே அதற்காகத்தான் என்பதுபோல் ஓடிப்போய் எடுத்தாள். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சார். தேடும் கப்பல் போய்விட்டது, ஹெலிகாப்டரும் கிளம்பிவிட்டது. பட்டியலில் எண்ணும் பெயரும் இருப்பதால் தேட எளிதாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்களாம். எழுபத்து மூன்றும் நூற்றுப் பன்னிரண்டும் கிடைத்துவிட்டன, தீவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன, எல்லாரும் உயிரோடு. “உன் புரோகிராமைப் பத்தி இங்க பெரிய அதிகாரி கேட்டாரும்மா. உன்னை நிரந்தரமாக்குறதுக்கு இதைவிட என்ன வேணும்?” என்றார். அவள் வாயைத் திறந்தாள். சார், பட்டியலில் மொத்தம் எத்தனை போட்டிருக்கிறது, இதைத்தான் கேட்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி. “ரொம்ப சந்தோஷம் சார்” என்று வந்தது வாயில். போனை வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்து, எழுபத்து மூன்றையும் நூற்றுப் பன்னிரண்டையும் அழித்தாள். பேசிக்கில் ஒரு ஃபைலை அழிக்க கில் என்று அடிக்க வேண்டும். யாருடைய நாக்கிலிருந்து இந்தச் சொல் வந்ததோ, ஒருவன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால் அவனைக் கொல் என்று அடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் அதை அடிக்க விரல் கூசியது, அப்புறம் பழகிவிட்டது, எல்லாமும் பழகிவிடுகிறது. ஃபைல்ஸ். பத்து. பட்டியல்படி ஒன்பது இருக்க வேண்டும். பட்டியல்படி என்று யார் சொன்னது? பட்டியலைத்தான் அவள் பார்க்கவே இல்லையே. அச்சு இயந்திரம் கரகரவென்று அடித்துத் தள்ளியபோது சார் பக்கத்தில் நின்று கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசி வரியில் மொத்தம் என்று ஒரு எண் இருந்திருக்கும், அவள் எழுதிய புரோகிராம்தான் அதை எண்ணிப் போடுகிறது. பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? புடவைத் தலைப்பு அச்சு இயந்திரத்தில் சிக்கிவிடக் கூடாதே என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

இடது கண் இமை துடித்தது. இமை துடித்தால் நல்லதா கெட்டதா என்று அம்மா சொன்னது ஞாபகம் வரவில்லை. பொம்பளைக்கு இடது நல்லது என்றுதான் ஏதோ சொல்வாள். குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள், தண்ணீரும் உப்பு. வாசல்வரை போனாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பலகையின் ஓரம் மட்டும் தெரிகிறது, சட்டத்தின் மரம், ஒரு எட்டு, எட்டா மூன்றா. பலகைக்கு அடியில் தரையில் ஒரு பொம்பளை காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கிடக்கிற கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அழவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வடிவைப் பார்த்தார்கள். புதுசாக எண் அழிக்க வருகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அவள், “பிச்சையா அண்ணே, எழுபத்து மூணு, நூத்திப் பன்னெண்டு, ரெண்டையும் அழிச்சிருங்க, கெடைச்சாச்சு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கூட்டத்திலிருந்து எழுந்த அந்த ஒற்றைக் கேவலைக் கேட்டுக்கொண்டே உள்ளே திரும்பி வந்தாள். போன காரியம் என்ன, செய்தது என்ன? தப்பு என்று ஒன்று இருந்தால்தானே. ஒரு படகு காலையில் வந்திருக்கும், அழிக்க மறந்திருப்பாள், காலையில் இருந்த அமளியில் ஒரே நேரத்தில் நாலு பேர் ஜன்னலில் கத்தினார்கள். அப்படியானால் திரையில்தான் ஒன்று கூடுதல், பட்டியல் சரி. ஆனால் பட்டியலும் இதே தட்டிலிருந்துதானே வந்தது? அழிக்க மறந்தது திரையில் இருந்தால் பட்டியலிலும் இருக்க வேண்டுமே? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனாள். அப்பா கோபித்துக்கொண்டு கிடக்கிறார், கடற்கரையில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று. நிரந்தரமாகிவிட்டால் பேசாமல் இருப்பார். பெரிய அதிகாரி கேட்டாராம். போன் அடித்தது. ஐந்து படகுகள், ஐந்தும் ஒன்றை ஒன்று கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தெற்கே நிற்கின்றன. எண்களைக் குறித்தாள், அறுபத்து நான்கு என்பதை நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு, அடித்து, திருத்தி எழுதினாள். ஐந்து தடவை கில். ஃபைல்ஸ். ஐந்து.

பாளையங்கோட்டை மாடியறையில் சொல்லிக்கொடுத்த தங்கப்பழம் சார் குள்ளமாக, எப்போதும் சட்டைக் கையை மடக்கிவிட்டபடி இருப்பார். ஃபைல்ஸ் என்கிற கட்டளையைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அவள் எழுந்து, “இதுல வர்ற பேரை எல்லாம் புரோகிராமே எண்ணிச் சொல்லுமா சார்?” என்று கேட்டாள். “அது உன் கண்ணுக்குக் காட்டும்மா. புரோகிராமுக்குக் கண்ணு இல்ல. திரையில இருக்கிறது அதுக்குத் தெரியாது” என்றார். அந்தப் பதில் அவளைத் தூங்கவிடவில்லை. வேலைக்கு வந்து, எத்தனை படகு கடலில் என்று கனகசபை சார் எப்போது கேட்டாலும் திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேசிக்குக்குள் இருந்தபடியே கம்ப்யூட்டரிடம், தட்டில் இருக்கிற பெயர்ப் பட்டியலைத் திரையில் போடாதே, இன்னொரு ஃபைலில் எழுதிவை என்று சொல்ல முடியும். எழுதிவைத்ததை வரி வரியாகப் புரோகிராம் வாசிக்கும். கண் இல்லாததற்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு தொந்தரவு, பெயர்களுக்கு மேலே கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஏதேதோ எழுதும். ஒரு வெற்று வரி, தட்டுக்குப் பெயர் இல்லை என்று ஒரு வரி, தட்டின் வரிசை எண் என்று ஒரு வரி, இன்ன தட்டின் பட்டியல் என்று ஒரு வரி, மறுபடியும் ஒரு வெற்று வரி. ஐந்து. இந்த ஐந்து வரியைத் தாண்டி ஆறாவதிலிருந்து எண்ணு என்று புரோகிராமில் எழுதினாள். அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பிச்சையாவிடம் சொன்னாள். “அப்படியா தாயி” என்றார் அவர். ஒரு வருஷமாக ஐந்து வரியைத் தாண்டித் தாண்டி ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. நேற்று முன்தினம் சாயங்காலம் பழைய ஃபிளாப்பியில் பூசணம் பிடித்து, திருகிக்கொண்டு, வாசிக்க மாட்டேன் என்றது. கைப்பைக்குள் மூன்று வருஷமாகக் கிடந்த பாளையங்கோட்டை ஃபிளாப்பியை எடுத்து, அதிலிருந்த பாடங்களை எல்லாம் அழித்துவிட்டுப் போட்டாள். அருமையாக ஓடியது. தட்டை மாற்றியதும் நேற்று விடியற்காலை முதல் டோக்கன்... யார் முதலில் வந்தது, அந்தக் கரகரத்த குரல்தான், எப்போதும் அந்த ஆள்தான், மற்றவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வரும்போது இவர் தலை சீவி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “மேடம், வந்துட்டேன்” என்று ஜன்னலுக்குள் கையை நீட்டுவார். அவர் பெயர் என்ன? எண் தெரியும், பெயர்தான் வாயில் வரவில்லை. இது எதற்கு இப்போது? வயிறு காலியாக இருப்பதால் நினைப்பு இப்படி அலைகிறது. டிபன் டப்பாவைத் திறந்தாள், தயிர்ச்சாதத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் மூடிவைத்தாள். பன்னிரண்டேகாலுக்கு மூன்று படகுகள் கிடைத்த செய்தி வந்தது. ஃபைல்ஸ். இரண்டு. இன்னும் எண்ண வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு என்பது பார்த்தாலே தெரிகிறது. நாற்பத்தாறு, நூற்று எழுபத்தொன்று. இரண்டையும் சேர்த்துச் சார் சொல்வார், இதோ சொல்லிவிடுவார், போன் அடித்ததும் இரண்டு எண்களைச் சொல்வார். போன் அருகிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அடித்தது. “நூத்தி எழுவத்தொண்ணும் கெடைச்சாச்சும்மா! பதினொண்ணுக்குப் பதினொண்ணு! தேடுறது முடிஞ்சுது, ஹெலிகாப்டர் திரும்பிட்டு. இங்க எல்லாரும் கை குடுக்குறாங்க. பிச்சையாட்ட சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடு” என்று சார் பேசிக்கொண்டே போனார், பின்னால் யாரோ சிரித்தார்கள், போன் வைக்கப்பட்டது. வெளியே அந்தச் செய்தி எப்படியோ அதற்குள் போய்விட்டது, பொம்பளைகள் இப்போதுதான் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்கள், பிச்சையா பலகையை ஈரத் துணியால் துடைக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. வடிவு நூற்று எழுபத்தொன்றை அழித்தாள். ஃபைல்ஸ் என்று அடித்தாள். ஒன்றுமில்லை என்று வர வேண்டும். திரையின் இடது மூலையில், காலையிலிருந்து எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில், நாற்பத்தாறு தனியாக நின்றது. ஓடினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள், பாதி துடைத்திருந்தது. “அண்ணே, நாப்பத்தாறு எழுதினீங்களா?” என்று கேட்டாள். “இல்லியேம்மா, பேப்பர்ல இல்லியே. ஒருத்தி வந்து கேட்டுட்டுகூடப் போனா” என்றார் பிச்சையா, துணியைப் பிழிந்துகொண்டே. திரும்பி ஓடி வந்தாள். பட்டியல் எழுதப்பட்ட ஃபைலைத் திறந்து, பெயர்களுக்கு மேலே இருக்கும் வரிகளை விரலால் எண்ணினாள். வெற்று வரி. பெயர் இல்லை என்ற வரி. இன்ன தட்டின் பட்டியல் என்ற வரி. வெற்று வரி. நான்கு. வரிசை எண் இல்லை. அந்தப் பழைய பாளையங்கோட்டைத் தட்டுக்கு வரிசை எண்ணே கிடையாது. ஐந்து வரி தாண்டு என்று அவள் சொல்லியிருந்தாள், அது ஐந்து வரி தாண்டியது, நான்கு வெட்டி வரிகளையும் ஒரு படகையும். படகுக்குள் ஐந்து ஆட்கள். நாற்பத்தாறின் ஃபைலைத் திறந்து பார்த்தாள்: இஞ்ஞாசி, ஐந்து பேர், காலை நான்கு ஐம்பத்திரண்டு. பெயர் இஞ்ஞாசி. இப்போது ஞாபகம் வந்து என்ன செய்ய?

கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று தடவை சுற்றிய பிறகு லைன் கிடைத்தது.

“சார், நான் வடிவு. இன்னொரு படகு இருக்கு சார்.”

“என்னது?”

“நாப்பத்தாறு. அஞ்சு பேரு. பட்டியல்ல விட்டுப்போச்சு.”

“வந்து சேந்திருக்கும்மா. நீ அழிக்க மறந்திருப்பே. நல்லாப் பாரு.”

“இல்ல சார். வரல. நான் எழுதின புரோகிராம் தப்பு. ஹெலிகாப்டரைத் திரும்பப் போகச் சொல்லுங்க சார்.”

கனகசபை குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார், “சரி, நான் சொல்லிக்கிடுதேன். வயர்லெஸ்ல அந்த நம்பர் மட்டும் சரியா கேக்கலன்னு சொல்லுவோம். நீ வெளிய யாருட்டயும் வாயைத் திறக்காதே. புரியுதா? உனக்காகத்தான் சொல்லுதேன்.”

உனக்காகத்தான். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் காதுக்குள் சூடாக இருந்தது, அதற்குள் ஒண்டிக்கொண்டு சாயங்காலம்வரை இருந்துவிடலாம்போல் இருந்தது. ஆனால் ஜன்னலில் ஒரு கை வந்து கம்பியைப் பிடித்தது. நாற்பது வயதிருக்கும், கலைந்த தலை, முழங்கால்வரை நனைந்த சேலை. காலையில் பிச்சையாவிடம் பேசிய அதே குரல். “மேடம், நான் சவேரியம்மா, நாப்பத்தாறு இஞ்ஞாசி வீட்டுக்காரி. வடக்குப் பாலத்துல இல்ல. ஆஸ்பத்திரியில இல்ல. டீக்கடை, சாராயக்கடை எல்லாம் பாத்துட்டேன். வந்துட்டாருன்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லுதுங்காவ. எங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.” எங்கே என்று கேட்டுச் சொல்ல வேண்டுமாம். வடிவு எழுந்தாள். வெளியே வந்தாள். அந்தப் பொம்பளையின் முன்னால் நின்று, “அக்கா, வரல. உங்க வீட்டுக்காரரு வரல. பட்டியல்ல நம்பர் விட்டுப்போச்சு. என் தப்பு. இப்பத்தான் திரும்பத் தேடப் போறாவ” என்றாள். சவேரியம்மா அவளை அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். சவேரியம்மா அடிக்கவில்லை. “பிள்ளைகட்ட அப்பா வந்தாச்சுன்னு சொல்லி, சோறு திங்க வச்சுட்டு வந்தேனே” என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்து, வழுக்கித் தரைக்கு வந்தாள். வடிவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ வந்தது, ஆறியது. கூட்டம் கலைந்துபோனது. வடிவின் தலையில் ஒரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று அடிக்க இரண்டு நிமிடத்திலிருந்து பன்னிரண்டு முப்பத்தைந்துவரை, தொண்ணூற்றேழு நிமிடம். வரிசை எண் இல்லாத தட்டு யார் தப்பும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், தெரியாமல் செய்தது. தொண்ணூற்றேழு நிமிடம்? அதற்கு எந்தத் தட்டைக் காட்டுவது? பத்து எட்டு தள்ளி ஒரு பலகை இருந்தது. அவள் தயிர்ச்சாதத்தைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சாரிடமும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவளிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற எதையாவது பிடித்துக்கொண்டு ஐந்து பேர் இந்த நேரம்வரை இருப்பார்களா, இருப்பார்களா என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே அர்த்தமில்லாத ஒரு சத்தமாகிவிட்டது.

இரண்டே முக்காலுக்குக் கண்டுபிடித்தார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிப் பாதி மூழ்கிய படகின் ஓட்டுநர் கூண்டு மேல் ஐந்து பேரும் இருந்தார்கள். நாலரை மணிக்குக் கப்பல் அவர்களைப் பெரிய பாலத்தில் இறக்கியது. வடிவு கூட்டத்துக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு அருகே நின்றுகொண்டாள். இஞ்ஞாசியின் வலது கை துணியில் கட்டித் தொங்கியது, உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். “மத்தியானம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுது. தெக்கால தாழ்வா வந்துச்சு. சட்டையைக் கழத்தி ஆட்டுதோம், ஆட்டுதோம். நம்மளத்தான் தேடுதுன்னு நெனச்சோம். அது வட்டம் போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டு. அதுக்கப்புறம் மிக்கேல் பெரியவரு கையை விட்டுட்டாரு. முடியைப் பிடிச்சு இழுத்துக் கட்டிப்போட்டோம், இனி எதுக்குடா இருக்கணும்னு அழுதாரு.” பின்னால் நரைத்த தலையோடு ஒரு ஆள், இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, எதையும் பார்க்காமல் வந்துகொண்டிருந்தார்.

சவேரியம்மா கணவனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐஸ் பெட்டிகளைத் தாண்டும்போது வடிவைப் பார்த்து நின்றாள்.

“இவங்கதான்” என்றாள் கணவனிடம்.

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தார். மனைவி பிடித்திருந்த கையை விடுவித்து, நெற்றிவரை உயர்த்திக் கும்பிட்டார். “கப்பல்ல சொன்னாவம்மா. ஆபீஸ்ல ஒரு மேடம்தான் விடாம நின்னு ஹெலிகாப்டரைத் திரும்ப அனுப்பினாவன்னு. நல்லா இருப்பீங்க.”

சவேரியம்மா எதையும் திருத்தவில்லை. வடிவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் தெரியவில்லை, கருணையும் தெரியவில்லை. தான் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனாலும் இவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று மட்டும் வடிவுக்குத் தெரிந்தது. அது அவளுக்குத் தாங்கவில்லை.

“கையை இறக்குங்க அண்ணே” என்றாள். “நீங்க பட்டியல்ல இல்லாமப் போனதே என்னாலதான். அது தெரியாமச் செஞ்சது. ஆனா பதினோரு மணிக்கே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. ஒரு படகு குறையுதுன்னு தெரிஞ்சுது. எந்திரிச்சுப் போய்ப் பாக்கல.”

இஞ்ஞாசிக்குப் புரியவில்லை. உயர்த்திய கையோடு மனைவியின் பக்கம் திரும்பினார். சவேரியம்மா அவரைப் பார்க்கவில்லை.

“நிறுத்தாதீங்க” என்றாள் வடிவிடம். “முழுசாச் சொல்லுங்க.”